ஆரஞ்சு, கழித்தல் எட்டு

ஊபி, ஏழாம் மாடி.
பக்கத்து அறை டயர்க்காரர்
பூட்டிக்கொண்டு போய் நான்கு மணி நேரம்.
பத்தோடு குளிர்சாதனம் நின்றுவிடும் கட்டடம்.
மேசை ஆணியில் தொங்குகிறது
நெகிழிப்பையில் பாதி கோப்பி ஓ கோசோங்.

ஆயிரத்து நானூற்றுப் பதினொரு படங்கள்.
துர்காஷினி, கோக் வெய் கல்யாணம்.

முதலில் நலங்கு.
புளோக்குக்குக் கீழே வாடகைக் கூடாரம்,
அதன் இளஞ்சிவப்புத் துணி வடிகட்டிய பகல்,
எல்லார் முகத்திலும் ஒரே காய்ச்சல்.
துளித்துளியாய்ப் பச்சை சேர்த்தேன்.
அத்தைமார் பிழைத்தார்கள்.
மஞ்சள் பூசிய அவள் கன்னம் வந்தபோது
மென்பொருள் திகைத்தது.
மனிதருக்கு ஏது இவ்வளவு மஞ்சள்,
எங்கோ விளக்குதான் கெட்டிருக்கும் என்று
தானாகவே நீலம் ஊற்றி
நலங்கைக் கழுவிவிட்டது.
ஒரே சொடுக்கில் திரும்பப் பூசினேன்,
சுமங்கலி இல்லை நான்,
தாடி வைத்த ஆள்.

பிறகு தாலி.
அவனுக்கு வெளிச்சம் அளந்தால்
அவள் கூரைப்புடவைக்குள் கண்ணும் பல்லும்.
அவளுக்கு அளந்தால்
அவன் பட்டுவேட்டியோடு கரைந்துபோகிறான்.
யோசிக்க நேரமில்லை, கெட்டிமேளம்.
வேட்டியின் மடிப்பு எரிந்தால் எரியட்டும் என்று
அவள் பக்கம் சாய்ந்தேன்.
படைமுகாம் அட்டையில் இரண்டு வருடம்
வெறும் இரண்டு கண்ணாக இருந்தவன் நான்.

இந்த மென்பொருளில்
தோலுக்கு ஏறக்குறைய ஒரே பெயர்: ஆரஞ்சு.
கோக் வெய்யின் காது, குருக்களின் தோள்,
சாப்பாட்டுத் தட்டு எடுத்த பையனின் புறங்கை,
எல்லாம் ஒரே பிடியில் ஏறும், இறங்கும்.
மாநிறம் என்று தனியாக ஒரு பிடி இல்லை.

பதினொன்றே முக்காலுக்கு அக்காவின் செய்தி:
"அண்ணே, மொகத்துக்கும் கழுத்துக்கும் கலர் ஒட்டல லா.
கழுத்த கொஞ்சம் செவப்பா ஆக்கிவிடுங்க."

எங்கள் வீடுகளில்
வெளுப்புக்குச் சிவப்பு என்று பெயர்.
திரைக்கு அது தெரியாது.
சொன்னபடி சிவப்பைக் கூட்டிப் பார்த்தேன்:
செந்தோசா மணலில் மூன்று மணி நேரம்
குப்புறப் படுத்த கழுத்து.
அழித்தேன்.

இருநூறு விழுக்காடு பெரிதாக்கினேன்.
முகத்தில் இரண்டு எண் வெளுத்த பவுடர்.
கழுத்தில் பவுடர் இல்லை.
தாடைக்குக் கீழே
தலைக்கவச வார் விட்டுப்போன மெல்லிய கோடு.
துவாஸ் கப்பல்பட்டறையில்
அவள்தான் பாதுகாப்பு அதிகாரி.
வார் இறுக்காத வெல்டர்களைக்
கீழே இறக்கிவிடுவாளாம்,
பூச்சரம் குத்தும்போது சொன்னாள்,
ஊசியை உதட்டில் கடித்தபடி.

ஒட்டவைக்க வேண்டும், அவ்வளவுதானே.
எதை எதோடு என்று
எடிட்டிங் செய்பவன் முடிவெடுக்கலாம்.

கழுத்தைத் தொடவில்லை.
முகத்தைச் சுற்றி வரைந்து
ஆரஞ்சின் ஒளியைக் கழித்தேன்.
மூன்று. ஐந்து.
என் மணிக்கட்டைத் திரையோரம் வைத்துப் பார்த்தேன்.
எட்டு.
மூக்கின்மேல் மினுக்கு திரும்பியது.
கன்னத்தடியில் செம்பு எழுந்தது.
சிரிப்பு ஒரு கணம் முன்னால் வந்து
உட்கார்ந்ததுபோல் இருந்தது.
கோட்டை அப்படியே விட்டேன்.

ஒன்றேகாலுக்கு அனுப்பினேன்.
ஒன்று இருபதுக்குப் பதில்:
"இப்பதான் கழுத்து நல்லா வந்திருக்கு.
எப்படிண்ணே?"
கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவைத்தேன்.

இன்னும் அறுநூறு இருக்கின்றன.
அடுத்த படத்தில், கூடாரத்து ஓரத்தில்,
கோக் வெய்யின் அம்மா.
யாரோ அவர் கையில் சந்தனக் கிண்ணம் கொடுத்திருக்கிறார்கள்.
எவ்வளவு பச்சை சேர்த்தும்
அவர் முகம் மட்டும் இளஞ்சிவப்பிலேயே நிற்கிறது.
துணியின் நிறமா,
மகனைப் பார்த்ததில் ஏறியதா,
தெரியவில்லை.
பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு
ஆறிப்போன கோப்பியை அவிழ்க்கிறேன்.