ஏழாம் வார்ப்பு

பியாவிஸ்டொக்கில் பிப்ரவரி.
வெளியே மைனஸ் பதினெட்டு, உள்ளே உலை ஆயிரத்து இருநூறு.
நடுவில் நான்,
ஒரு கையில் இடுக்கி, மறு கையில் ஆறிப்போன தேநீர்.

எர்பியம் ஆக்சைடை எடைபோடுவது என் வேலை.
ரோஜா நிறப் பொடி.
தும்மினால் ஒரு மாதச் சம்பளம் பறந்துவிடும் என்று
புதிதாய் வருகிறவர்களை மிரட்டுவேன்.
பாஸ்பேட்டோடு கலந்து, பிளாட்டினக் குவளையில் உருக்கி,
சூடான பித்தளை அச்சில் ஊற்றினால்
வெளிறிய சில்லு ஒன்று கிடைக்கும்.
பார்க்க அவ்வளவுதான்.

அது ஒளிர்வதை நான் பார்த்ததில்லை.
ஹால்ஷ்காவும் பார்த்ததில்லை.
சிவப்புக்கும் அப்பால், கண் எட்டாத இடத்தில் அந்த வெளிச்சம்.
ஜன்னலோரத்து யூரோப்பியம் சில்லு தேவலை:
புற ஊதா விளக்கைக் காட்டினால் போதும்,
பிடிபட்டவன் முகம்போலச் சிவந்துவிடும்.
எர்பியத்துக்கு அந்த வெகுளித்தனம் கிடையாது.

ஹால்ஷ்கா லேசரால் ஒரு தட்டுத் தட்டுவாள்.
தட்டிய கை விலகிய பிறகும் கண்ணாடி ஒளிர்கிறது,
எட்டு மில்லிநொடி.
"அதுதான் ஆயுள்," என்பாள், "எழுதிக்கொள்."

நான்காம் வார்ப்பில் எர்பியத்தை நான்கு மடங்காக்கினோம்.
ஒளியும் நான்கு மடங்கு என்பது உலைக்காரன் கணக்கு.
குறைந்துதான் போனது.
"நெருக்கியடித்து உட்கார வைத்துவிட்டோம்.
பக்கத்திலிருப்பவனிடம் தள்ளுகிறான், அவன் அடுத்தவனிடம்,
எங்கோ ஒரு குழியில் விழுந்து வெறும் சூடாகிவிடுகிறது."
காலை எட்டு மணிப் பேருந்தில் நானும் அப்படித்தான்.

ஏழாம் வார்ப்பு சரியான அளவு.
தராசுச் சீட்டில் என் கையெழுத்து.
குமிழி இல்லை, கீறல் இல்லை.
ஆனால் திரையில் வளைகோடு
படியில் கால் தவறியதுபோல் இறங்கியது.
இரண்டு மில்லிநொடி.

"தண்ணீர்," என்றாள்.
"பொடி காற்றிலிருந்து ஈரம் குடித்திருக்கிறது.
ஹைட்ராக்சில் உள்ளே போனால்
ஒளியைப் பிறக்குமுன் விழுங்கிவிடும்.
மூடி திறந்திருந்ததா?"

இல்லை என்றேன்.

திறந்திருந்தது.
பன்னிரண்டு நிமிடம்.
இரவு இரண்டு மணிக்கு யாக்னா அழைத்தாள், ஹாலிஃபாக்ஸிலிருந்து.
இரண்டு வருடமாகப் பேசாத மகள்.
சுகமா என்று கேட்கவில்லை.
வாடகை வீட்டில் கொதிகலன் அணைந்துவிட்டதாம்,
பனிப்புயலாம், வீட்டுக்காரன் போனை எடுக்கவில்லையாம்.
"எந்தக் குமிழை முதல்ல அழுத்தணும், அப்பா?"

இடப்பக்கம். அழுத்தியே பிடி. முப்பது எண்ணு.
எண்ணினாள், போலிஷில்,
பத்தொன்பதில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து.
நெருப்புப் பிடித்துக்கொண்ட அந்த 'புஃப்'
அட்லாண்டிக்கைத் தாண்டி என் காதில் விழுந்தது.

எப்படித் தாண்டியது என்பது
விடிந்த பிறகுதான் உறைத்தது.
கடலடியில், எழுபது எண்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை,
களைத்து வரும் ஒளியைத் தூக்கி நிறுத்துகிற
சில மீட்டர் கண்ணாடி இழை.
அதற்குள் எர்பியம்.
எந்த ஊர்க்காரனோ,
போன் வந்தும் எடுக்காமல் செய்திருப்பான்.

இருட்டறைக் கதவைத் தட்டி
"பன்னிரண்டு நிமிடம்," என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை ஹால்ஷ்கா.
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்: ஏழு, மூடி, பன்னிரண்டு.
"அப்படியானால் அடுத்ததை இருபத்துநான்கு நிமிடம் திறந்து வை.
வரைபடத்துக்கு இன்னொரு புள்ளி வேண்டும்."

எடைபோட்டேன். கலந்தேன். மூடியை எடுத்தேன்.
கைப்பேசியைத் தராசுக்குப் பக்கத்தில்
திரை மேலே தெரிய வைத்தேன்.