உப்புப் பெறாத வேலை

டெவன்போர்ட் அதிகாரிகள் மாளிகையில்
மாடிப்படித் திருப்பத்தில் தொங்குகிறார்
அட்மிரல் பாஸ்கோ நான்கரோ.
செவ்வாய்க்கிழமைகளில் சட்டத்தின் தூசியை
நான்தான் துடைக்கிறேன்.
கழுத்துவரை பொத்தான். மணிக்கட்டுவரை தங்கம்.
முதுகுக்குப் பின்னால் நுரைத்துப் பொங்கும் கடல்.

அந்தக் கடலைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.
நாற்பத்திரண்டில் நான் அவரிடம் கொதிகலன் ஆள்.
'தார்ன்பரி' என்ற நாசகாரியில்
பதினோரு நாள் பேரண்ட்ஸ் கடலில் போனோம்,
இருவருமே அதைப் பார்க்கவில்லை.
நீர்மட்டத்துக்குக் கீழே கடல் என்பது
இரும்புக்கு அந்தப் பக்கம் யாரோ
மேசை நாற்காலிகளை நகர்த்தும் சத்தம்.

மேல்தளத்தில் ஒரு பேச்சு உண்டு:
எஞ்சின்காரன் வேலை உப்புப் பெறாத வேலை.
தங்கப் பட்டைகளுக்கு நடுவே
அவர்களுக்கு மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துணி,
கைகுலுக்கும் முன்பே ஆளைத் தெரிந்துகொள்ள.

பேச்சு உண்மைதான்.
கொதிகலனுக்குப் போகும் நீர்
உப்புப் பெறவே கூடாது.
ஒரு சிட்டிகை போதும், குழாய்கள் அரித்து வெடிக்க.
மணிக்கு ஒருமுறை கண்ணாடிக் குப்பியில் நீர் பிடித்து
வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விடுவார்.
தெளிந்தே இருந்தால் கப்பல் பிழைத்தது.
வெளுத்தால்
கடல் உள்ளே வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள், மூன்றே கால்.
பகலா இரவா என்று கேட்காதீர்கள்,
அங்கே டிசம்பரில் இரண்டும் ஒன்று.
நீர் வெளுத்தது.
பேசுகுழாயில் சொன்னார்:
"வலது எஞ்சினை நிறுத்துகிறேன்."
மேலே கேப்டன் ஆர்மிடேஜ். பின்னால் நீர்மூழ்கிகள்.
"அனுமதி இல்லை" என்றது குழாய்.
"அனுமதி கேட்கவில்லை, ஐயா. தகவல் சொன்னேன்."

கண்டென்சரின் மூடியைக் கழற்றித் தலையை நுழைத்தார்.
"ட்ரெகில்கஸ், கணுக்காலை விடாதே."
மூவாயிரத்துச் சொச்சம் பித்தளைக் குழாய்.
மெழுகுவத்திச் சுடர் எதன் வாயில் உள்வாங்கி வளைகிறதோ
அதில் ஓட்டை.
இரண்டில் வளைந்தது. மரமுளை வைத்து அடித்தார்.
ஐம்பத்து மூன்று நிமிடம்.
இடையில் இருமுறை, தொலைவில்,
பெரிய அலமாரி ஒன்று கவிழ்ந்த சத்தம்.

'மூர்ஹென்' சரக்குக் கப்பல் என்று பிறகுதான் தெரிந்தது.
முப்பத்தொரு பேர்.
நாங்கள் அருகில் இருந்திருந்தால்?
நிறுத்தாமல் ஓட்டி இரண்டு எஞ்சினும் போயிருந்தால்?
விசாரணைக் குழு இரு கேள்விகளையும் குறித்துக்கொண்டது.
ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை.

அதற்குப் பிறகு மேலே போகும் படிகள்தான்.
கமாண்டர்: பாத் நகரத்தில் ஒரு மேசை.
கேப்டன்: இன்னும் பெரிய மேசை.
கேப்டன் என்பார்கள், கப்பல் தரமாட்டார்கள்.
ஐம்பதுகளில் கத்தரிப்பூத் துணியை
அகற்றச் சொல்லி ஆணை வந்தது.
தையல்காரர் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் மிஞ்சின.
அட்மிரல் ஆன அன்றும் கொடியேற்றக் கப்பல் இல்லை,
ஜன்னலுக்கு வெளியே ஒரு பேருந்து நிறுத்தம்.
அந்தக் குழாய்களுக்கு வேறு உலோகக் கலவை வேண்டுமென்று
பதினேழு ஆண்டு மேலிடத்துக்கு எழுதியவர்
கடைசியில் மேலிடமாகத் தானே வந்துசேர்ந்தார்.
தன் கோப்பில் தானே கையொப்பமிட்டார்.

ஓய்வு பெறும் ஆண்டில் ஓவியர் வந்தார்.
கையில் தொலைநோக்கி கொடுத்துப் பார்த்தார்;
இவர் வாங்கவில்லை.
பின்புலத்துக்காவது கடல் வேண்டுமே.
"எந்த நிறத்தில் நினைவிருக்கிறது, அட்மிரல்?"
நெடுநேரம் யோசித்தாராம்.
"பால் மாதிரி."

கவித்துவம் என்று எடுத்துக்கொண்டார், பாவம்.
சட்டம் கொள்ளாமல் பாற்கடல்.
படியேறும் இளம் அதிகாரிகள் நின்று
நுரையைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள்.
நான் படிகளைக் கழுவி, துணியைப் பிழிந்து,
வாளியைத் தூக்குமுன் ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன்.
வெளுத்திருக்கிறது.
சோப்புதான்.