இலையின் இடது மூலை

புளியிஞ்சி கிண்டுவது என் வேலை.
பந்தியில் வைப்பதும் நானே.
சோறு வேறு ஆள், சாம்பார் வேறு ஆள்.
பிரதமன் வாளியை அச்சுதன்குட்டி
ஒருத்தரையும் தொடவிட மாட்டான்.

ஆட்கள் உட்காரும் முன்பே
வரிசை நெடுகக் குனிந்து போய்விடுவோம்.
முன்னால் ஜைத்தூன், உப்பு.
பின்னால் நான், அரைக் கரண்டி,
இலையின் இடது மூலையில்
ஒரு கரும்பழுப்புச் சொட்டு.
கைகழுவி அவர்கள் வரும்போது
அடுத்த கூடத்தில் இருப்பேன்.
யார் நக்கினார், யார் முகம் சுளித்தார்
என்பதையெல்லாம்
எச்சிலிலை எடுக்கும்போதுதான் படிப்பேன்.

கொழிஞ்சாம்பாறைக் கூட்டுறவு வங்கியில்
ஓணம் எப்போதும் ஓணத்துக்கு நாலு நாள் முன்னால் வரும்.
நூற்றியிருபது இலை.
அதில் ஜன்னலோரத்து இலை
காசாளர் திவாகரனுடையது.
எல்லாம் துடைத்துச் சாப்பிட்டிருப்பார்,
காளன், ஓலன், தோரனில் ஒரு தேங்காய்த் துருவல் மிஞ்சாது.
புளியிஞ்சி மட்டும்
வைத்தது வைத்தபடி
வட்டம் கலையாமல்.
ஆறு வருஷமாய்.

முதல் வருஷம் கோபம் வந்தது.
அப்புறம் அந்த இலையை மடிக்கும்போது மட்டும்
கொஞ்சம் மெதுவாக மடித்தேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

இஞ்சி தோல் சீவுவது விளையாட்டில்லை.
நாலு கிலோ.
நகக்கண்ணில் தொடங்கும் எரிச்சல்
ராத்திரி மணிக்கட்டுக்கு வந்துவிடும்.
மகன் கன்னத்தைத் தொட்டால் அழுவான்,
முழங்கையால் அணைத்துக்கொள்வேன்.
பொடிப்பொடியாய் நறுக்கி, சிவக்க வறுத்து,
பொள்ளாச்சிப் புளியைக் கரைத்து ஊற்றி,
வெல்லம் விழுந்தபின் விட்டு நகரக்கூடாது.
கொதி கனத்து, ஒவ்வொரு குமிழும்
யோசித்து யோசித்து உடையும்வரை
நிற்க வேண்டும்.

போன வருஷம்
வேலந்தாவளம் செக்போஸ்ட் வேகத்தடையில்
காசிமின் ஆட்டோ ஒரு துள்ளு துள்ளியது.
சாம்பார் அண்டா அசையவில்லை.
என் தூக்குவாளிதான் கவிழ்ந்தது.
ஸீட்டு, மிதியடி, காசிமின் செருப்பு,
மேலே ஏறப் பார்த்த எறும்புக்கும் பங்கு.

'மாங்காக்கறி இருக்கில்ல,
யாருக்குத் தெரியப்போகுது' என்றான் அச்சுதன்குட்டி.
சரியாகத்தான் சொன்னான்.
முதல் பந்தி எழுந்தது.
மேனேஜர் பிரதமன் மூன்று தடவை வாங்கினார்.
பூக்களம் போட்ட பெண்கள்
பப்படத்தை நொறுக்கிச் சிரித்தார்கள்.
ஒருவரும் கேட்கவில்லை.
வேலையில்லாத கரண்டியோடு
தூணோரம் நின்றேன்.
அன்றைக்குத்தான் முதன்முதலாக
மனிதர்கள் சாப்பிடுவதைப் பார்த்தேன்.

இரண்டாம் பந்தி.
ஜன்னலோரம்.
சோற்றில் பருப்பு விழுந்தாயிற்று, நெய் விழுந்தாயிற்று.
திவாகரன் கை வைக்கவில்லை.
இலையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
சில்லறை எண்ணிக் குறைந்தவர்போல.

'இஞ்சி எவிடெ?'

நான்தான் போனேன்.
'கொட்டிப்போச்சு சார்.
நீங்கதான் தொடமாட்டீங்களே.'

'தொடமாட்டேன்' என்றார் தமிழில்.
'அதுக்காக வைக்காம இருப்பியா?'

கோபமில்லை. கணக்கு கேட்கிற குரல்.
பிறகு விரலால் உப்பை
கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினார்.
மாங்காக்கறியைக் கொஞ்சம் வலப்பக்கம்.
நடுவே ஒரு காசளவு
பச்சை இடம் விட்டு
சாப்பிட ஆரம்பித்தார்.

இலை எடுக்கும்போது பார்த்தேன்.
சாம்பார் பரவிய இலையில், ரசம் ஓடிய இலையில்
அந்த இடம் மட்டும் நனையவில்லை.

கூலியில் இருநூறு பிடித்தான் அச்சுதன்குட்டி.
காசிம் இன்னும் முணுமுணுக்கிறான்.
மழைக்குத் திரை இறக்கினால் போதுமாம்,
ஏறுகிறவர்கள் மோந்து பார்த்து
எங்கே கல்யாணம் என்று கேட்கிறார்களாம்.

இந்த வருஷம் நாலேகால் கிலோ இஞ்சி.
வாளியை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன்.
சூடு சேலையைத் தாண்டித் தொடையில் இறங்குகிறது.
வேகத்தடைக்கு முன்னால்
'மெதுவா' என்றேன்.
காசிம் திரும்பிப் பார்த்து
ஆட்டோவை நிறுத்தியே விட்டான்.