ஒலி சோதனை

முதல் கூட்டத்துக்கு மேடை கிடையாது.
டிராக்டர் பெட்டியின் பின்கதவை இறக்கிவிட்டு
அதன்மேல் ஏறி நின்றான் ஒஸ்தோயா வித்தாகோவிச்,
ஷாபாத்ஸ் நகரத்துப் புவியியல் வாத்தியார்.
கோட்டு முழங்கையில் சாக்பீஸ் தூள்.
மைக் என்னுடையது. கல்யாணங்களில்
அக்கார்டியனுக்கு முன்னால் நிற்கும் மைக்.
பிளம் சாராயம் சிந்திச் சிந்தி
அதன் வலையில் ஒரு புளித்த வாசனை.

மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க
எல்லோரும் ஒன்று, இரண்டு, மூன்று என்பார்கள்.
அவன் ஆறுகளைச் சொன்னான்.
த்ரீனா. போஸ்னா. வ்ர்பாஸ். ஊனா.
கிழக்கிலிருந்து மேற்காக, வரிசை தப்பாமல்,
வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல.
அப்போது எல்லாம் ஒரே நாடு.
ஆற்றின் பெயரைச் சொல்வது குற்றமா என்ன?

எதிர்வீட்டு ஓக்னியன் எனக்கு வயர் சுருட்டுவான்.
பதினேழு வயது. கூலியாக
சிகரெட்டும் பஸ் காசும்.

டிராக்டர் லாரியானது. லாரி சதுக்கமானது.
சதுக்கம், பெல்கிரேடில் ஒரு நாற்காலி.
அவனுக்குக் குரல்வளம் இல்லை, மூக்கால் பேசுவான்.
அடித்தொண்டைக் கனத்தை நான் ஏற்றினேன்.
எதிரொலியை நான் கூட்டினேன்.
ஒவ்வொரு வாக்கியமும் எங்கோ மோதித் திரும்பியது,
மலையே பேசுகிறது என்று ஜனம் நம்பியது.
குரல் அவனுடையது. சத்தம் என்னுடையது.
இதை எந்தப் பாதிரியிடமும் சொன்னதில்லை.

ஓக்னியன் ராத்திரி பஸ்ஸில் போனான்.
என் இன்சுலேஷன் டேப் அவன் சட்டைப் பையில்.
வந்து தருகிறேன் என்றான்.
ஊனாக் கரையிலிருந்து பெட்டி வந்தது.
ஆணியடித்த பெட்டி. திறக்க வேண்டாம் என்றார்கள்.
ஒஸ்தோயா வந்து பேசினான்.
எதிரொலி கூட்டட்டுமா என்று
நான் அன்றும் கேட்டேன்.

தொண்ணூற்றைந்து ஆகஸ்டில் டிராக்டர்கள் வந்தன,
மேற்கிலிருந்து, மைல் கணக்கில்.
மெத்தை, அடுப்பு, கோழிக்கூண்டு,
சுவர்க்கடிகாரத்தை மடியில் வைத்திருந்த ஒருத்தி.
அவர்களுக்கும் அவன் பேசத்தான் வந்தான்.
பாதிப் பேச்சில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்:
'அந்த பிளக்கைக் கொஞ்சம் தருவீர்களா, பால் காய்ச்ச?'
மைக்கைப் பிடுங்கிவிட்டுக் கொடுத்தேன்.
பால் பொங்க நான்கு நிமிஷம்.
அதுவரை வாய் மட்டும் அசைந்தது வாத்தியாருக்கு.
என் வாழ்நாளில் நான் செய்த ஒரே அரசியல்.

பிறகு கட்சி உடைந்தது.
உடைந்த துண்டும் உடைந்தது.
சின்னத் துண்டோடு நின்று
பெரிய நாற்காலியைப் பிடித்தான்.
தாடி போனது.
இரட்டைத் தலைக் கழுகு
கோட்டின் உள்பக்கம் போனது.
மேசைமேல் நீலத்துணி, பன்னிரண்டு நட்சத்திரம்.
பழைய பேச்சுகளைக் கிளறிய நிருபரிடம்
'நான் என்றைக்கும்
ஆறுகளைப் பற்றித்தானே பேசினேன்' என்றான்.
பொய்யென்று சொல்ல முடியாது.

த்ரீனாவின் மேல் புதுப் பாலம் திறந்த அன்று
அமைச்சர் மைக்கைத் தட்டினார்.
ஒன்று. இரண்டு. மூன்று.

போன மாசியில் என் வீட்டுக்கு வந்தான்.
நெஞ்சைப் பிளந்து தைத்திருந்தார்கள்,
படியேறி மூச்சு வாங்கினான்.
சுயசரிதை எழுதுகிறானாம்.
'கேசட்டெல்லாம் வைத்திருப்பாயே, ஸ்ரேதோயெ?'
ஈரத்தில் போயிற்று என்றேன்.
காபி குடித்தோம். சர்க்கரை வேண்டாமென்றான்.
ஒற்றைக் கையுறையை மறந்துவிட்டுப் போனான்.

நாற்பது போனது உண்மை. ஒன்று இருக்கிறது.
முதல் கூட்டம்.
த்ரீனா. போஸ்னா. வ்ர்பாஸ். ஊனா.
பின்னாலிருந்து ஓக்னியனின் உடைந்த குரல்:
'சார், இதுல எல்லாத்துலயும் மீன் இருக்குமா?'
யாரோ சிரிக்கிறார்கள். நானாக இருக்கலாம்.
மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி,
மூக்கால், மெல்ல, வாத்தியார் சொல்கிறான்:
'ஊனாவில் இருக்கும்டா. உன் உயரத்துக்கு.'

அப்புறம் நாடாவில் ஒரு கரகரப்பு.
அது என் விரல்.
குமிழைத் திருகுகிறேன்.