மேற்கணக்கு

இரண்டு கார். ஒரே நீளம், ஒரே சாம்பல் நிறம்.
ஹட்டன் விற்பனை முற்றத்தில் தோளுரசி நின்றன.
ஒன்று பெற்றோல், மற்றது டீசல்.
இரண்டிலும் நாலு சக்கரமும் இழுக்கும்.
"எஸ்டேட் கார், மிஸ்" என்றார் வீரக்கோன்.
நான் ஏன் சிரித்தேன் என்று அவருக்குப் புரியவில்லை.
எங்களுக்கு எஸ்டேட் என்றால்
கொழுந்து நிறுக்கும் தராசு,
பங்களா மிதியடிக்கு இந்தப் பக்கம் நிற்பது.
அவர் சொன்னது,
பின்கதவைத் தூக்கி ஆசனத்தை மடித்தால்
ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம் என்பதை.

எனக்கு வேண்டியதும் அந்த நீளம்தான்.
செவ்வாயும் வெள்ளியும் செபமாலை அண்ணனை
மேற்கணக்கிலிருந்து நுவரெலியாவுக்கு
இரத்தம் கழுவக் கொண்டுபோக வேண்டும்.
போகையில் உட்கார்ந்து, பேசிக்கொண்டு போவார்.
திரும்புகையில் முதுகெலும்பை
ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வருகிறவர் மாதிரி
சரிந்துகொண்டே வருவார்.

டீசல் என்றார் என் வீட்டுக்காரர் இராஜதுரை.
லொறி ஓட்டுகிறவர், வேறென்ன சொல்வார்.
இரண்டாம் கியரில் போட்டுவிட்டு மறந்துவிடலாமாம்,
மலை தானாகக் கீழே போகுமாம்.
ஹில்மி நானா பானெட்டுக்குள் தலையைவிட்டு,
"பம்ப் போச்சுதோ, தங்கச்சி,
மிச்சம் பிடிச்சதெல்லாம் கொழும்புக்குப் போயிரும்" என்றார்.

கணக்குப் போட்டேன், மகளின் கொப்பியின் பின்னட்டையில்.
டீசலுக்கு நாலு லட்சம் கூட.
லீற்றரில் மிச்சமாவதைக் கூட்டினால்
முப்பத்தெட்டு மாதத்தில் அந்த நாலு லட்சம் திரும்பும்.
முப்பத்தெட்டு மாதம்.
அத்தனை செவ்வாய்க்கிழமைகள்
செபமாலை அண்ணனிடம் இருக்குமா
என்று ஒரு பத்தி போட வேண்டியிருந்தது.
பென்சிலை வைத்துவிட்டேன்.

எண்ணெய் இல்லாத அந்த வருஷம் ஞாபகம் வந்தது.
தலவாக்கலையில் டீசல் வரிசை ஒரு பக்கம்,
பெற்றோல் வரிசை மறுபக்கம்.
இவர் லொறிக்குள் ஐந்து இரவு படுத்தார்.
எதிர்ப்பக்கத்து ஆட்டோக்காரனும் ஐந்து இரவு.
ஒரே மழை. ஆகவே அதிலும் முடிவில்லை.

கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு
இரண்டிலும் ஏறிப் படுத்துப் பார்த்தேன்.
வீரக்கோன் மரியாதையாக மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.
"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன்.
டீசலில் கூரை விளக்கு நடுங்கியது,
என் மேல்பல் கீழ்ப்பல்லிடம் எதையோ முறையிட்டது.
பெற்றோலில் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று
கேட்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் இருந்தது.
எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா,
நடுவில் தகரமும் அரைச்சுவரும்.
விடியமுன் மூன்றரைக்கு டீசல் இருமினால்
பன்னிரண்டிலும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழும்பி,
"யாருக்கு என்ன?" என்று கேட்பார்கள்.
அந்த நேரத்து வண்டி
நல்லதுக்கு வந்ததாக யாருக்கும் பழக்கமில்லை.

பெற்றோலுக்குக் கையெழுத்து வைத்தேன்.
இராஜதுரை இரண்டு நாள் உப்பைப் பற்றி மட்டும் பேசினார்.

முதல் செவ்வாய், மூன்றரை மணி.
சாவியைத் திருப்பினேன்.
கீழ்க்கணக்கில் ஒரு நாய்கூடத் தலை தூக்கவில்லை.
எனக்கு அப்படியொரு பெருமை.
கல்ரோட்டில் நாலு சக்கரமும்
ஆளுக்கொரு கல்லைப் பிடித்து ஏறின,
முதல் கியரில், கொஞ்சம் அழுதுகொண்டுதான்.

மேற்கணக்கில் பனி. ஆளில்லை.
முந்தி வந்த வாடகை வேன் என்றால்
மூன்றாம் முடக்கிலேயே கேட்டிருக்கும்,
டோர்ச்சோடு சந்திக்கு இறங்கியிருப்பார்கள்.
அண்ணன் வீடு அறுபது படிக்கு மேலே.
போனுக்கு அங்கே சிக்னல் இல்லை.
"அண்ணே" என்றேன். பனி விழுங்கியது.
இன்னொரு தடவை. அதையும்.

ஹார்னில் கை வைத்தேன்.

லயம் முழுக்க விளக்கு. ஒரு குழந்தையின் வீறிடல்.
அத்தனை நாய்களும்.
யாரோ கதவைத் திறந்து,
"யாருக்கு என்ன?"

ஒண்ணுமில்லை என்றேன்,
செவ்வாய்க்கிழமை.