தர வேண்டியது பத்து

பன்னிரண்டு நாளாய்
முப்பத்திரண்டில் நிற்கிறோம்.
அதிலிருந்து பதினேழு போக வேண்டும்.
போக மாட்டேன் என்கிறது.

"ரெண்டில் ஏழு போகாது,
பக்கத்துல ஒரு பத்து கடன் வாங்கு" என்றேன்
எனக்குச் சொல்லித்தந்த அதே ராகத்தில்.
ஜெமிமா பென்சிலைக் கீழே வைத்தாள்.
"எப்பப்பா திருப்பிக் குடுக்கணும்?"

குடுக்க வேண்டாம்மா, சும்மா கணக்குக்கு.
"திருப்பித் தரலன்னா அது கடனா?"

ஃப்ரிட்ஜ் கதவில் நான் போட்ட அட்டவணை,
கேஸ் ஏஜென்சி கொடுத்த காந்தத்தில் தொங்குகிறது.
ஒன்பதுக்குக் கணக்கு, ஒன்பதே முக்காலுக்குத் தமிழ்,
அக்டோபரில் பெருக்கல்.
நாலு கலர் ஸ்கெட்ச் பேனா.
பள்ளிக்கூடம் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டு
வீட்டுக்குள் ஒரு மணியடிக்கிறவனாக
நான் எப்போது சேர்ந்தேன்?

நைட் டூட்டி முடிந்து ஷெர்லின் வருகிறாள்.
சிலேட்டில் அதே முப்பத்திரண்டு.
'இன்னுமா?' என்று கேட்காமல்
செருப்பைக் கழற்றுகிறாள்.
கேட்டிருக்கலாம்.

பால் பூத்காரர் கேட்கிறார், "பாப்பா யாவ ஸ்கூலு?"
"மனேலே" என்றால்
சில்லறையை எண்ணியபடியே ஒரு பார்வை,
வேலை போன ஆளைப் பார்ப்பது மாதிரி.
பாதி சரிதான். அரை நாள்தான் வேலை எனக்கு இப்போது.

நான் ஓடிய பிள்ளை.
இரண்டாம் வகுப்பிலிருந்து நேராக நாலாம் வகுப்பு,
டபுள் புரமோஷன்.
அப்பா தெரு முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்.
மூன்றாம் வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
வங்கியில் படிவம் நிரப்பும்போது,
நாலு பேர் சேர்ந்து எதற்கோ சிரிக்கும்போது
தோன்றும்: இது அந்த வருஷம் வந்த பாடமோ.

அதற்காக இவளை
மெதுவான பிள்ளை என்று சொல்லிவிடவும் முடியாது.
போன ஞாயிறு லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே
பஸ்ஸின் நெற்றியில் ஓடிய கன்னடத்தை
"ஷிவாஜிநகர" என்று படித்தாள்.
யார் சொல்லித்தந்தது?
"பஸ்ஸுதான்."
அன்றைக்கு நான்தான் மூச்சு வாங்கப் பின்னால் போனேன்.

பதின்மூன்றாம் நாள் ராத்திரி
பால் காய்ச்சிவிட்டுப் பார்த்தால்
உறை ஊற்ற ஒரு சொட்டு மோர் இல்லை.
கிண்ணத்தோடு கீழ்வீட்டுக்கு அனுப்பினேன்.
ரத்னம்மா இரண்டு கரண்டி கொடுத்தார்.

காலையில் கட்டித் தயிர்.
நான் பல் தேய்த்து வருவதற்குள்
அதில் இரண்டு கரண்டி அளந்தெடுத்து
தானாகவே படியிறங்கிப் போயிருக்கிறாள்.
போன கிண்ணத்தில்
பாதி ஒப்பட்டு திரும்பி வந்தது.
"காலிக் கிண்ணம் குடுக்கக் கூடாதாம்ப்பா.
இப்ப மறுபடி நாமதான் தரணும்."
குரலில் அலுப்பு இல்லை. ஒரு வியாபாரியின் திருப்தி.

வாயில் வெல்லத்தோடு உட்கார்ந்தாள்.
முப்பத்திரண்டில் பதினேழு போக, பதினைந்து.
ஒரு நிமிஷம் ஆகவில்லை.
கணக்குக்குப் பக்கத்திலேயே, ஓரத்தில், பொடி எழுத்தில்:
தர வேண்டியது 10.
அடுத்த கணக்கு. தர வேண்டியது 10.
அதற்கடுத்தது.

அழி என்று சொல்ல வாயெடுத்தேன்.
மணி ஒன்பதே முக்கால் தாண்டிவிட்டிருந்தது.
தமிழ் காத்திருந்தது.
பொழுதைக் கழிக்கிறதுக்கும் கணக்கைக் கழிக்கிறதுக்கும்
ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழி,
காத்திருக்கும் என்று விட்டேன்.

பதினோரு மணிக்கு நோட்டைக் கொண்டுவந்தாள்.
"பதினாலு தடவை வாங்கியிருக்கேன்.
நூத்தி நாப்பது ஆயிடுச்சு."

பெருக்கல் அக்டோபரில்.
அட்டவணையை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பாணஸ்வாடி பக்கம் ஒரு சரக்கு ரயில் போனது.
ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்கும்வரை
இருவரும் பேசாமல் இருந்தோம்.
"சரி, இதெல்லாம் யாருக்குத் தரணும்?" என்றேன்.

"மொதல்ல அந்த முப்பதுக்கு.
அன்னிலேர்ந்து இருபதாவே
நின்னுட்டிருக்கு, பாவம்."