இருபத்து மூன்றாம் நகர்வு

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.
மோல்மேன் தெருவெல்லாம் ஜெனரேட்டர்கள் இருமத் தொடங்க
மெழுகுவர்த்தியை ஏற்றி
வெட்டுப்பட்ட காய்களுக்கு நடுவே நிறுத்தினேன்.

ரப்பர் கிடங்கின் எடைச்சீட்டு, பின்பக்கம்:
பதினொரு வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்து.
எதிராளி: நாய் தோன்.
மொன்காரர்களுக்கு அது நம் 'திரு' மாதிரி.
தோற்ற அன்று தமிழில் எழுதியபோது
அவ்வளவு மரியாதை மனதில் இல்லை.

இத்தனை நாளும் எனக்கு ஒரே கணக்கு.
இருபத்து மூன்றில் யானையை
ஏழாம் வரிசைக்கு ஏற்றியிருந்தால் ஆட்டம் என்னுடையது.
ரப்பர் ஷீட்டைத் தராசில் போடும்போதும்
தங்கச்சி பிரசவத்துக்கு
ஆஸ்பத்திரி வராந்தாவில் கொசு அடித்தபடி இருந்தபோதும்
அந்த யானை ஏறிக்கொண்டே இருந்தது.

இன்றைக்கு நிஜமாகவே ஏற்றினேன்.
அழகாகத்தான் இருந்தது.
பிறகு எழுந்து சுற்றிப்போய்
நாய் தோனின் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன்.

அங்கிருந்து
அவருடைய ராணி ஒரே கோட்டில் இறங்கி
யானை காலிசெய்த முதல் வரிசையில் நிற்கிறாள்.
என் ராஜாவுக்கு ஓட வழியில்லை.
வழியை அடைத்து மூன்று சிப்பாய்.
மூன்றும் என் ஆட்கள்.

சிரிப்பு வந்துவிட்டது.
காய்களைப் பின்னுக்கு நகர்த்தினேன்,
இருபத்திரண்டு, இருபத்தொன்று,
இருபதில் ஏதோ உறுத்தியது, தாண்டிப் போய்விட்டேன்,
பதினெட்டு.

பதினெட்டில் ஓரச் சிப்பாயை
ஒரு கட்டம் தள்ளியிருக்க வேண்டும்.
அவ்வளவுதான், புழுக்கத்துக்கு ஜன்னலை ஒருக்களிக்கிற மாதிரி.
நான் மந்திரியை அனுப்பி
எங்கோ மூலையில் கிடந்த சிப்பாயைத் தின்றிருக்கிறேன்.
பக்கத்தில் ஆச்சரியக்குறி வேறு,
பேனா சீட்டைத் துளைக்குமளவு அழுத்தி.

பத்தேகாலுக்கு அவரை அழைத்தேன்.
ஆற்றுக்கு அக்கரையில் மழை போலிருக்கிறது,
தகரக் கூரை இரைந்தது.
யாரென்று சொல்லி முடிக்கவில்லை.
"அந்த ஆட்டமா?" என்றார் பர்மியத்தில்.
"இருபதிலேயே உன்னை முடித்திருக்கலாம் தம்பி.
குதிரை. அப்போது கண்ணில் படவே இல்லை.
தூக்கம் வராத ராத்திரியெல்லாம்
அந்த ஒரு குதிரைதான்."

ஜெயித்தவர் பேசுகிறார்.

ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
இருபதாவது நிலைக்குக் காய்களை அடுக்கினேன்.
மெழுகு வழிந்து
ஒரு சிப்பாயின் காலைப் பலகையோடு ஒட்டிவிட்டிருந்தது.
நகத்தால் சுரண்டியபடி கேட்டேன்:
எந்தக் குதிரை?